வீ-எயிட் என்றால் என்ன? எட்டுச் சிலிண்டர் எஞ்சின் எம்மிடம் வந்த கதை



சென்ற வாரம் தரம் 10 வகுப்பில் பொறிகள் பற்றிப் பேச்சு வந்தது. பின்வாங்கில் இருந்த ஒரு மாணவன் எழும்பி, "சேர், வீ-எயிட் வீ-எயிட் என்டு சொல்றாங்களே, அதுல வீ என்டா என்ன? வீ.ஐ.பி.யில வாற வீயா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்துவிட்டோம்.

பிறகு யோசித்தால் அவன் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. எமது நாட்டில் வீ-எயிட் என்றால் எஞ்சின் ஞாபகம் வருவதில்லை. கறுத்தக் கண்ணாடி போட்ட பெரிய ஜீப், முன்னால் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகும் மோட்டார் சைக்கிள், ஓரமாக ஒதுங்கி நிற்கும் நாங்கள், இதுதான் ஞாபகம் வரும். தேர்தல் மேடையில் ஏசுவதற்கும் அந்தச் சொல்தான், தேர்தல் முடிந்தபின் ஏறிப் போவதற்கும் அந்த வாகனம்தான்.

வகுப்பு மணி அடித்துவிட்டதால் அவனுக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னோம். மீதியை இங்கே எழுதுகிறோம். பதிவு நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் அந்த 'வீ'. இரண்டு கைகளையும் மணிக்கட்டில் ஒட்டிவைத்து விரித்துப் பிடியுங்கள். பெருவிரல்களை மடக்குங்கள். இடப்பக்கம் நான்கு விரல், வலப்பக்கம் நான்கு விரல். ஒவ்வொரு விரலும் ஒரு சிலிண்டர். மணிக்கட்டு இருக்கும் இடத்தில்தான் கிராங் ஷாஃப்ட். முன்னால் இருந்து பார்த்தால் ஆங்கில 'வீ' எழுத்து. அவ்வளவுதான். வீ.ஐ.பி.க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஏன் எட்டு? ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டர் உறிஞ்சி, நெருக்கி, வெடித்து, புகையை வெளியே தள்ளி முடிக்க கிராங் இரண்டு முறை சுற்ற வேண்டும். ஆகவே இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிதான். எமது த்ரீவீலில் இருப்பது ஒரு சிலிண்டர். மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு வெடியும் தனித்தனியாக முதுகெலும்பில் தெரியும். இரண்டு சுற்று என்பது 720 பாகை. நான்கு சிலிண்டர் என்றால் 180 பாகைக்கு ஒரு வெடி. எட்டு என்றால் 90 பாகைக்கு ஒன்று. ஒரு வெடியின் தள்ளல் ஓயும் முன்னே அடுத்தது வந்துவிடும். ஓட்டம் வழுவழுப்பாகும்.

எட்டையும் ஒரே வரிசையிலும் நிறுத்தலாம், நிறுத்தியும் இருக்கிறார்கள். ஆனால் எஞ்சின் நீண்டுவிடும். நீண்ட கிராங் ஷாஃப்ட் ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுகும். நாலும் நாலுமாகப் பிரித்துச் சாய்த்து வைத்தால் நாலு சிலிண்டர் எஞ்சினின் நீளத்தில் எட்டும் அடங்கும். காகிதத்தில் இது இலேசான விடயம். இரும்பில் செய்து, சாதாரண மனிதன் வாங்கும் விலைக்குக் கொண்டுவர 30 வருடம் சென்றது.

(இடையில் ஒன்று. எஞ்சினைக் கண்டுபிடித்தவர் அல்-ஜஸரி என்று ஒரு படம் வட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. தியார்பக்கிரில் அர்தூகிய அரசவையில் இருந்த அல்-ஜஸரி 1206இல் எழுதி முடித்த நூலில், இரண்டு சிலிண்டர்களும் பிஸ்டன்களும் கொண்ட ஒரு நீரிறைக்கும் பம்பி இருப்பது உண்மை. சக்கரத்தின் சுழற்சியைப் பிஸ்டனின் முன்பின் அசைவாக அது மாற்றியது. எஞ்சின் செய்வது அதன் மறுதிசை. அந்த மேதைக்கு உள்ள பெருமை போதாதென்று இல்லாததையும் ஏற்றுவது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல. பகிர முன் யோசியுங்கள்.)

சரி, பிரான்ஸுக்குப் போவோம்.

லியோன் லெவவசேர் என்று ஒருவர். முதலில் ஓவியக் கலை படிக்கப் போய், பிறகு பொறியியலுக்கு மாறியவர். 1902இல் வீ வடிவ எட்டுச் சிலிண்டர் எஞ்சினுக்குக் காப்புரிமை எடுத்தார். பணம் போட்டவர் ஜூல் கஸ்தாம்பிட் என்ற செல்வந்தர். அவருடைய மகளின் பெயர் அந்துவனெத். எஞ்சினுக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். ஆக, பிற்காலத்தில் ஆண்பிள்ளைத்தனத்தின் அடையாளமாக விளம்பரம் செய்யப்பட்ட இந்த எஞ்சின், பிறந்தபோது ஒரு பெண்பிள்ளையின் பெயரைத் தாங்கி இருந்தது.

அந்துவனெத் எஞ்சின் காருக்காகச் செய்யப்பட்டதும் அல்ல. முதலில் பந்தயப் படகுகளில் ஓடியது. பிறகு ஆகாயத்துக்குப் போனது. 50 குதிரைவலு எஞ்சினின் எடை சுமார் 95 கிலோ. அந்தக் காலத்துக்கு அது நம்பமுடியாத இலேசு. 1906 நவம்பர் 12ஆம் திகதி பாரிஸ் நகரில் பிரேசில்காரரான சாந்தோஸ் துமோன் தனது 14 பிஸ் விமானத்தில் 220 மீற்றர் பறந்தார். அதைத் தூக்கிக்கொண்டு போனது இந்த எட்டுச் சிலிண்டர்தான்.

இலேசாகச் செய்ததற்கு விலையும் இருந்தது. லெவவசேர் தன் எஞ்சினுக்கு வழமையான கார்புரேட்டர் வைக்கவில்லை. நுண்ணிய குழாய்களால் பெற்றோலை நேரே ஊட்டினார். காலத்தை மிஞ்சிய யோசனை. ஆனால் கொஞ்சம் அழுக்குப் போதும், அடைத்துக்கொள்ளும். 1909 ஜூலை 19ஆம் திகதி ஹியூபர்ட் லதாம் என்பவர் இங்கிலாந்துக் கால்வாயைப் பறந்து கடக்கப் புறப்பட்டார். நடுக்கடலில் எஞ்சின் நின்றது. விமானம் தண்ணீரில் இறங்கியது. காப்பாற்ற வந்த கப்பல்காரர்கள் கண்டது, மிதக்கும் விமானத்தில் அமர்ந்து சிகரட் பிடித்துக்கொண்டிருந்த லதாமை. ஆறு நாட்களின் பின் லூயி பிளேரியோ கடந்துவிட்டார். அவருடைய விமானத்தில் இருந்தது மூன்றே சிலிண்டர் கொண்ட சிறிய எஞ்சின். இரண்டு நாள் கழித்து லதாம் மீண்டும் முயன்றார். இங்கிலாந்துக் கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் மீண்டும் கடலில் விழுந்தார். எட்டை மூன்று வென்ற கதை இது.

இதற்குள் காருக்குள்ளும் எட்டுச் சிலிண்டர் வந்திருந்தது. அதில் எமக்கு மிகவும் பிடித்தது 1905இல் ரோல்ஸ் ரொய்ஸ் கம்பனி செய்தது. வேகத்துக்காகச் செய்தார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை. அப்போது பணக்காரர்கள் நகரத்துக்குள் ஓட விரும்பியது பட்டரி காரைத்தான். சத்தமில்லை, நடுக்கமில்லை, புகையில்லை. அதோடு போட்டி போட, பெற்றோலில் ஓடியும் சத்தமில்லாத, தட்டையாக அடங்கி வெளியே தெரியாத ஒரு எஞ்சின் வேண்டும். அதற்குத்தான் எட்டு. பிரித்தானியாவின் அன்றைய சட்டப்படி மணிக்கு 20 மைல்தான் வேக எல்லை. அதற்கு மேல் போக முடியாதபடி எஞ்சினையே கட்டுப்படுத்தி வைத்தார்கள். காருக்கு வைத்த பெயரே 'லீகலிமிட்', அதாவது சட்ட எல்லை. அந்தப் பெயரோடு ஒரு வீ-எயிட்! இன்று எமது வீதிகளில் அந்தப் பெயரை எந்த வீ-எயிட்டுக்கும் வைக்க முடியாது.

மூன்று எஞ்சின் வண்டிகள்தான் செய்தார்கள். ஒன்றே ஒன்று, பத்திரிகை முதலாளி ஆல்ஃப்ரெட் ஹாம்ஸ்வேர்த்துக்கு விற்கப்பட்டு அதுவும் கம்பனிக்கே திரும்பி வந்தது. இன்று ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மற்றப் பக்கம் வேகப் பைத்தியங்கள். 1905 டிசம்பர் 30ஆம் திகதி பிரான்ஸில் டராக் கம்பனியின் 25 லீற்றர் எட்டுச் சிலிண்டர் கார் மணிக்கு 176 கிலோமீற்றரில் ஓடி உலக சாதனை செய்தது. 25 லீற்றர் என்பது எண்ணெய்க் கான் அளவு இல்லை, சிலிண்டர்களின் கொள்ளளவு. இன்றைய சிறிய கார் ஒன்றில் அது ஒரு லீற்றர்தான் இருக்கும். 1907 ஜனவரி 24ஆம் திகதி அமெரிக்காவின் புளோரிடா கடற்கரையில் கிளென் கேர்ட்டிஸ், விமானத்துக்கெனச் செய்த எட்டுச் சிலிண்டரை ஒரு மோட்டார் சைக்கிளில் பூட்டி மணிக்கு 219 கிலோமீற்றர் ஓடினார். பின்சில்லைச் சுழற்றும் ஷாஃப்ட்டின் மூட்டு திரும்பி ஓடும்போது உடைந்தது. உயிர் தப்பியது அல்லாஹ்வின் நாட்டம். அந்த மோட்டார் சைக்கிள் இன்றும் வொஷிங்டனில் ஸ்மித்சோனியன் நூதனசாலைக்குச் சொந்தமாக இருக்கிறது.

இவை எல்லாம் ஒன்று இரண்டாகச் செய்தவை. தொகையாகச் செய்து கடையில் வைத்து விற்ற முதல் வீ-எயிட் கார்கள் 1910 அளவில் பிரான்ஸின் டி டியோன் புட்டோன் கம்பனியிலிருந்து வந்தன. அவற்றை அமெரிக்காவின் கெடிலக் கம்பனி கூர்ந்து படித்தது. கதையின் நடுப்பகுதி இங்கேதான் இருக்கிறது. இரண்டு ஹென்றிகளின் கதை.

1901இல் டெட்ரொய்ட் நகரில் ஹென்றி ஃபோர்டின் பெயரில் ஒரு கார் கம்பனி தொடங்கப்பட்டது. பணம் போட்டவர்களோடு ஃபோர்டுக்கு ஒத்துப்போகவில்லை. 1902இல் விலகிவிட்டார். மிஞ்சிய இயந்திரங்களை விற்றுத் தீர்க்க எண்ணி, விலை மதிப்பிடுவதற்கு ஹென்றி லேலண்ட் என்ற தாடி வைத்த கடைசல்காரரைக் கூப்பிட்டார்கள். லேலண்ட் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் அளவுகருவித் தொழிற்சாலையிலும் வேலை பழகியவர். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு ஏசுபவர். அவர் வந்து பார்த்துவிட்டு, விற்க வேண்டாம், என்னிடம் நல்ல எஞ்சின் ஒன்று இருக்கிறது, தொடர்ந்து செய்யுங்கள் என்றார். ஃபோர்டின் பெயரைக் கழற்றிவிட்டு டெட்ரொய்ட் நகரை நிறுவியவரின் பெயரை வைத்தார்கள். அதுதான் கெடிலக்.

லேலண்ட் என்ன மாதிரி ஆள் என்பதற்கு ஒரு சம்பவம். 1908இல் இங்கிலாந்தில் மூன்று கெடிலக் கார்களை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, பாகங்களை ஒன்றாகக் கலந்து, அந்தக் குவியலிலிருந்து மூன்று கார்களைத் திரும்பப் பூட்டி 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். அரம் எடுத்து ஒன்றையும் ராவவில்லை. அக்காலத்தில் ஒரு காரின் பிஸ்டன் அதே கம்பனியின் மற்றக் காருக்குப் பொருந்தாது. இன்று நாம் கடைக்குப் போய் ஒரு பாகத்தின் நம்பரைச் சொல்லி வாங்கி வந்து அப்படியே பூட்டுகிறோமே, அதன் ஆரம்பம் இப்படித்தான்.

எட்டுச் சிலிண்டருக்கு இந்தத் துல்லியம் இல்லாமல் ஆகாது. பாகங்கள் இருமடங்கு என்றால் பிழை விடுவதற்கான இடங்களும் இருமடங்கு. இன்னொரு தடையும் இருந்தது. முன்பு காரை ஸ்டார்ட் செய்ய முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். எமது வாப்பாமார் பழைய லொறிகளில் அதைச் சுற்றி மணிக்கட்டை உடைத்துக்கொண்ட கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். பெரிய எட்டுச் சிலிண்டரைக் கையால் சுற்றுவது பெரும்பாடு. 1912 கெடிலக் காரில் சார்ள்ஸ் கெட்டரிங் மின்சார ஸ்டார்ட்டரைப் பொருத்தியபின் அந்தத் தடை நீங்கியது.

1914 செப்டம்பரில் கெடிலக் வீ-எயிட் வந்தது. வடிவமைப்புக்குத் தலைமை தாங்கியவர் ஸ்கொட்லாந்துக்காரரான மெக்கோல் வைட். 5.1 லீற்றர், 70 குதிரைவலு, விலை 1975 டொலரிலிருந்து. முதல் வருடத்திலேயே 13,000க்கு மேல் விற்றது. போட்டிக் கம்பனிகள் சும்மா இருக்குமா? கெடிலக்கின் மின்சார வயரிங் பழுதாகிறது என்று கதை பரவியது. அதற்குக் கெடிலக் கொடுத்த பதில் 1915 ஜனவரியில் ஒரு பக்க விளம்பரம். தியடோர் மக்மேனஸ் எழுதியது. அந்த விளம்பரத்தில் கார் என்ற பேச்சே கிடையாது. முன்னால் நிற்பவன்மீது கல் எறியப்படும் என்ற கருத்தில் ஒரு கட்டுரை மட்டும். விளம்பரத் தொழிலில் இருப்பவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். வயரிங் பழுதா இல்லையா என்பதற்கு அதில் பதில் இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உண்மையில் அந்த எஞ்சினுக்கு இருந்த குறை வேறு. குறிப்பிட்ட வேகங்களில் பக்கவாட்டாக நடுங்கியது. காரணம் கிராங் ஷாஃப்ட்டின் வடிவம். நாலு சிலிண்டர் எஞ்சினின் கிராங்கையே எடுத்துப் போட்டிருந்தார்கள். அதன் வளைவுகள் எல்லாம் ஒரே தளத்தில், பாதி மேலே, பாதி கீழே. பிஸ்டன் மேல் பாதியில் ஓடும் வேகமும் கீழ்ப் பாதியில் ஓடும் வேகமும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம்தான் நடுக்கமாக வெளியே வந்தது. இறுதியில் கணிதத்தால் விடை கண்டார்கள். நாலு வளைவுகளையும் ஒன்றுக்கொன்று 90 பாகையில், முன்னால் இருந்து பார்த்தால் கூட்டல் குறிபோலத் தெரியும்படி திருப்பி, எதிர்ப்பாரம் வைத்தார்கள். நடுக்கம் ஓய்ந்தது. 1923 செப்டம்பரில் கெடிலக் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பியர்லெஸ் என்ற கம்பனியும் அதே காலத்தில் அதே விடையைக் கண்டிருந்தது. வழக்கில் இறங்காமல் இரண்டும் யோசனையைப் பகிர்ந்துகொண்டன. வீ-எயிட் என்றதும் காதில் விழும் அந்தக் குமுறும் சத்தம் பிறந்தது இந்தக் கூட்டல் குறிக் கிராங்கினால்தான். கணிதம் எதற்கு சேர் என்று கேட்கும் பிள்ளைகள் கவனிக்கவும்.

மற்றக் கம்பனிகள் எட்டையும் ஒரே வரிசையில் நிறுத்திய காலமும் இதுதான். இத்தாலியின் இசோட்டா ஃப்ரஸ்கினி 1919இலும், அமெரிக்காவின் டியூசன்பேர்க் 1921இலும் அப்படிச் செய்தன. அழகான, நீண்ட மூக்குள்ள கார்கள். சினிமா நடிகர்களும் மகாராஜாக்களும் வாங்கினார்கள். அதற்கு மேல் அவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. எமது கதை மலிவை நோக்கிப் போவது.

லேலண்டுக்கு என்ன நடந்தது? 1917இல் கெடிலக்கை விட்டு வெளியேறி, லிங்கன் என்ற கம்பனியைத் தொடங்கினார். 1864இல் தான் முதன்முதலாக வாக்களித்த ஜனாதிபதியின் பெயர் அது. அதிலும் எட்டுச் சிலிண்டர் கார்தான். அருமையான எஞ்சின், பழைய மாதிரி உடல், வீணான கணக்குவழக்கு. கம்பனி முறிந்தது. 1922 பெப்ரவரியில் அதை ஏலத்தில் 80 இலட்சம் டொலருக்கு வாங்கியவர் யார் தெரியுமா? ஹென்றி ஃபோர்ட். 20 வருடத்துக்கு முன் தன் பெயரைக் கழற்றிய மனிதரின் கம்பனி இப்போது அவர் கையில். சில மாதங்களிலேயே லேலண்ட் வெளியேற்றப்பட்டார். அப்போது அவருக்கு வயது 79.

இப்படித்தான் ஃபோர்டின் வீட்டுக்குள் வீ-எயிட் நுழைந்தது. ஆனால் அது பணக்காரனின் லிங்கனில். ஏழையின் ஃபோர்டில் நாலு சிலிண்டர்தான். 1929இல் செவ்ரொலெட் கம்பனி நாலு சிலிண்டரின் விலைக்கே ஆறு சிலிண்டர் கார் விற்கத் தொடங்கியபோது ஃபோர்டின் வியாபாரம் ஆட்டம் கண்டது. நாமும் ஆறு செய்வோம் என்று மற்றவர் சொல்லியிருப்பார். ஃபோர்டின் பிடிவாதம் ஆறைத் தாண்டி எட்டுக்குப் போனது. சில பொறியியலாளர்களை டியர்போர்னில் ஒரு பழைய கட்டடத்துக்குள் இரகசியமாக வேலை செய்ய வைத்தார். எடிசன் ஒருகாலத்தில் பாவித்து, பிறகு ஃபோர்ட் தன் நூதனசாலைக் கிராமத்துக்குப் பெயர்த்துக் கொண்டுவந்த ஆய்வுகூடம் அது.

பிரச்சினை வார்ப்பில் இருந்தது. அதுவரை பெரும்பாலான வீ-எயிட்களில் சிலிண்டர் புளொக்குகளை வெவ்வேறாக வார்த்து, கிராங் பெட்டியோடு போல்ட் போட்டு இணைத்தார்கள். வேலை கூட, விலையும் கூட. எல்லாவற்றையும் ஒரே துண்டாக வார்த்தால்தான் மலியும். ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி வைக்கிங், ஓக்லண்ட் கார்களுக்கு அப்படி ஏற்கெனவே வார்த்திருந்தது, ஆனால் சிறு தொகையில். ஃபோர்டுக்கு வேண்டியது நாளுக்கு ஆயிரக்கணக்கில்.

வார்ப்பு வேலை தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். எட்டு சிலிண்டர் துளை, அவற்றைச் சுற்றி தண்ணீர் ஓடும் வழி, புகை போகும் வழி, இவை எல்லாம் வெற்றிடமாக வர வேண்டிய இடங்களில் மணலால் செய்த அச்சுக்களை வைக்க வேண்டும். உருகிய இரும்பு பாயும்போது ஒரு மணல் அச்சு கொஞ்சம் அசைந்தாலும் ஒரு பக்கச் சுவர் மெலிந்து புளொக் பழுதாகிவிடும். ஆரம்பத்தில் வார்த்த புளொக்குகளில் பெரும் பங்கு திரும்பவும் உலைக்கே போனது. போதாக்குறைக்கு, சூடான புகை வழிகள் தண்ணீருக்கு ஊடாகவே போனதால் அந்த எஞ்சின் கடைசிவரை சூடேறும் எஞ்சினாகவே இருந்தது.

அந்த உலைக்கு முன்னால் நின்றவர்கள் யார்? ரூஜ் ஆற்றோரம் இருந்த ஃபோர்ட் தொழிற்சாலையின் வார்ப்புப் பகுதி, கறுப்பினத் தொழிலாளர்களைக் கொண்டுபோய்க் குவித்த இடம். சூடும் புகையும் கூடிய வேலை அவர்களுக்கு. எங்கள் ஆட்களும் ஃபோர்டின் தொழிற்சாலைகளில் இருந்தார்கள். உஸ்மானியச் சிரியாவிலிருந்தும் லெபனானிலிருந்தும் போனவர்கள். ஹைலண்ட் பார்க் தொழிற்சாலை இருந்த ஊரில் 1921இல் ஒரு பள்ளிவாசல் கட்டினார்கள். அமெரிக்காவில் பள்ளிவாசலாகவே கட்டப்பட்ட ஆரம்பக் கட்டடங்களில் அது ஒன்று. நெடுநாள் நிலைக்கவில்லை. வேலை ரூஜுக்கு மாற மக்களும் டியர்போர்னுக்கு மாறினார்கள். 1938இல் அங்கே ரூஜ் தொழிற்சாலைக்கு அருகில் இன்னொரு பள்ளிவாசல் எழுந்தது. இன்றும் தொழுகை நடக்கிறது.

இப்போது 1932 மார்ச் மாதத்துக்கு வருவோம். பொருளாதார வீழ்ச்சியின் மிக மோசமான காலம். ரூஜில் பல ஆயிரம் பேர் வேலையிழந்திருந்தார்கள். மார்ச் 7ஆம் திகதி, உறைய வைக்கும் குளிரில், வேலையற்றவர்கள் ஆயிரக்கணக்கில் டெட்ரொய்டிலிருந்து தொழிற்சாலையை நோக்கி ஊர்வலமாகப் போனார்கள். கேட்டது வேலை, மருத்துவ உதவி, குளிருக்கு எரிக்க நிலக்கரி, கறுப்பினத்தவருக்குப் பாகுபாடு காட்டாமை. டெட்ரொய்ட் எல்லைவரை அமைதியாகவே வந்தார்கள். டியர்போர்ன் எல்லையில் பொலிஸார் கண்ணீர்ப் புகை அடித்தார்கள். ஊர்வலம் நிற்கவில்லை. தொழிற்சாலை வாசலில் குளிர்நீரைப் பாய்ச்சினார்கள். பிறகு பொலிஸாரும் ஃபோர்டின் காவலர்களும் சுட்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள்.

ஐந்தாமவர் சில மாதங்களின் பின் இறந்தார். கேர்ட்டிஸ் வில்லியம்ஸ் என்று பெயர். கறுப்பினத்தவர். முதல் நால்வரும் அடக்கப்பட்ட மயானம், நிறத்தைக் காட்டி அவருக்கு இடம் தர மறுத்தது. அவர் உடல் எரிக்கப்பட்டது. ஒரு ஜனாஸாவுக்கு மண் மறுக்கப்படுவது என்றால் என்ன என்று எமக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இதை வாசித்த இரவு நாம் நெடுநேரம் தூங்கவில்லை.

அதே மார்ச் 26ஆம் திகதி ஹென்றி லேலண்ட் 89 வயதில் காலமானார்.

ஐந்து நாள் கழித்து, மார்ச் 31ஆம் திகதி, ஃபோர்ட் வீ-எயிட் வெளியானது. 3.6 லீற்றர், 65 குதிரைவலு. மிக மலிவான உடலோடு 460 டொலர். அதே கார் நாலு சிலிண்டரோடு 410 டொலர். வெறும் 50 டொலர் கூடக் கொடுத்தால் எட்டுச் சிலிண்டர். 1914இல் கெடிலக் கிட்டத்தட்ட 2000 டொலருக்குக் கொடுத்த வலு இப்போது அதன் கால்வாசி விலைக்கு. அந்தப் பஞ்சக் காலத்திலும் காட்சியறைகளில் சனம் மொய்த்தது என்றால் ஆச்சரியமில்லை.

முதல் தொகுதி எஞ்சின்கள் எண்ணெய் குடித்தன, சூடேறின, சிலவற்றில் புளொக் வெடித்தது. இரண்டு மூன்று வருடத்தில் திருத்திக்கொண்டார்கள். அதன்பிறகு விவசாயி, தபால்காரன், பொலிஸ், கொள்ளைக்காரன் எல்லோரும் அதைத்தான் ஓட்டினார்கள். பொனி, கிளைட் என்ற பெயர்போன கொள்ளைச் சோடி 1934 மேயில் சுடப்பட்டு இறந்ததும் திருடிய ஒரு ஃபோர்ட் வீ-எயிட்டுக்குள்தான். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைகளின் சிறிய கவச வண்டிகளில் அதே எஞ்சின் போனது. அமெரிக்காவில் 1953வரை காருக்குப் பூட்டினார்கள்.

ஹென்றி ஃபோர்டைப் பற்றி ஒன்றை மறைத்துவிட்டு இந்தப் பதிவை முடிப்பது நேர்மையாகாது. 1920களில் அவர் தன் சொந்தப் பத்திரிகையில் யூதர்களுக்கு எதிராக வாராவாரம் விஷம் கக்கினார். 1927இல் மன்னிப்புக் கேட்டுப் பத்திரிகையை மூடினார். 1938இல் ஹிட்லரின் அரசாங்கம் அனுப்பிய விருதை வாங்கிக்கொண்டார். யூதரைப் பற்றித்தானே என்று சிலர் கொமண்ட் போடக்கூடும். ஒரு சமூகம் முழுவதையும் சதிகாரர் என்று அச்சடித்து விநியோகித்தால் அடுத்து என்ன நடக்கும் என்பதைக் கடைகள் எரிந்த ஊர்களில் போய்க் கேளுங்கள். எஞ்சினைப் பாராட்டுவோம். மனிதரை மனிதராகவே பார்ப்போம்.

இன்று அந்த மாணவனுக்கு இதைச் சுருக்கமாகச் சொன்னோம். ஒரு காலத்தில் கூலிக்காரனும் வாங்கிய எஞ்சின்தான் வீ-எயிட் என்றபோது அவன் நம்பவில்லை. படங்களைக் காட்டினோம். பிறகு இன்னொன்றும் சொன்னோம். எமது ஆட்கள் வீ-எயிட் என்று பேர் வைத்த அந்த ஜப்பான் ஜீப்பின் 2021இல் வந்த புதிய மொடலில் எட்டுச் சிலிண்டர் இல்லை. ஆறுதான். கம்பனி எட்டைக் கைவிட்டுவிட்டது.

"அப்ப சேர், இனி அத வீ-சிக்ஸ் என்டா சொல்லணும்?" என்று கேட்டான். பின்வாங்கிலிருந்து இன்னொருவன், "நாங்க வீ-எயிட் என்டுதான்டா சொல்லுவம்" என்றான்.